கடுவன் குட்டியும் பெட்டைக் குட்டியும்

கொங்கு நாட்டில் நாய்க்குட்டி ஒன்று வீட்டுக்கு வந்துசேர்வது ஒரு காலத்தில் எதிர்பாராத சம்பவமாக இருந்ததில்லை. தோட்டத்துச் சாளையில் காவல் இருக்கும் நாய்க்கு வயது ஏறி, கண் மங்கி, இரவில் குரைப்புக் குறைந்துவிட்டது என்று தெரிந்ததுமே, அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எந்த நாய் சினையாக இருக்கிறது, அதன் தாய் எப்படிப்பட்டது, பட்டியில் ஒழுங்காக நின்றதா என்றெல்லாம் விசாரித்து, வைக்கோற்போரின் மறைவில் அது குட்டி போட்ட பின்பு ஒரு மாதம் பொறுத்திருந்து, பங்காளிக்கோ சம்பந்திக்கோ முன்கூட்டியே சொல்லிவைத்துக் குட்டியை எடுத்துவருவது சம்பிரதாயம். பிடரியைப் பிடித்துத் தூக்கினால் கத்தாத குட்டியே ரோஷமுள்ள குட்டி என்பது அக்காலத்துப் பரீட்சை. எடுத்துவந்த குட்டிக்கு மோர் விட்டுக் கரைத்த களி ஆகாரம். கிளுவை வேலிக்குள் அடைபட்ட ஆட்டுப்பட்டி வாசஸ்தலம். மணி, வீரன், செவலை என்பவற்றுள் ஏதேனும் ஒரு நாமம். வீட்டுக்குள் அதற்குப் பிரவேசம் கிடையாது. ஆயினும் அது அந்தக் குடும்பத்தின் நாய் என்பதை ஊர் முழுவதும் அறியும்.

மந்தைக்கும் நாய்க்கும் உள்ள இந்தப் பந்தம் தமிழகத்தில் எத்துணைப் பழமையானது என்பதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கத்தை அடுத்த எடுத்தனூர் நடுகல் சாட்சி. 7ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்த அந்தக் கல், தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனை நினைவுகூர்வதோடு நில்லாமல், கோவிவன் என்ற நாய் திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் சொல்லி, வீரனின் பக்கத்தில் நாயின் உருவத்தையும் செதுக்கி வைத்திருக்கிறது. எத்தனையோ சிற்றரசர்களின் பெயரே நமக்குக் கிடைக்காமல் போய்விட்ட நாட்டில், ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அழியாமல் நிற்கிறது.

இந்தச் சம்பிரதாயத்தைப் போற்றிப் பேசுகிறவர்கள் அதன் மறுபக்கத்தைப் பெரும்பாலும் சொல்வதில்லை. விசாரித்து வாங்கியதெல்லாம் கடுவன் குட்டியைத்தான். பெட்டைக் குட்டி வளர்ந்தால் வருஷத்துக்கு இரண்டு ஈற்று, ஒவ்வோர் ஈற்றிலும் ஐந்தாறு குட்டிகள், பருவகாலத்தில் சாளையைச் சுற்றி ஊர் நாய்களெல்லாம் கூடும் உபத்திரவம் என்று கணக்குப் பார்த்த குடியானவர், ஈற்றுக்கு ஒன்றை நிறுத்திக்கொண்டு மற்றப் பெட்டைகளைச் சந்தைப்பேட்டையிலோ கோயில் வாசலிலோ பள்ளத்து ஓரத்திலோ விட்டுவிட்டு வந்தார். தோட்டங்கள் தூரதூரமாக இருந்த காலத்தில் அவற்றுள் பெரும்பாலானவை பிழைக்கவில்லை; ஆகையால் அந்தக் கொடுமை யார் கண்ணிலும் உறுத்தவுமில்லை.

திருப்பூர் நகரமாக வளர்ந்தபோது அந்தக் கொடுமை கண்ணில் உறுத்தத் தொடங்கியது. சென்னை இராயபுரத்தில் 1856ஆம் ஆண்டில் புறப்பட்ட ரயில் பாதை 1862ஆம் ஆண்டில் திருப்பூரைக் கடந்து போத்தனூரை அடைந்தது. கொங்குப் பருத்திக்கு வழி திறந்தது. 1925ஆம் ஆண்டில் குலாம் காதர் என்பவர் பனியன் பின்னும் தொழிலைத் திருப்பூரில் தொடங்கினார். பிற்பாடு ஏற்றுமதியும் சேர்ந்துகொள்ள, சோளமும் பருத்தியும் விளைந்த காடுகள் மனைகளாயின. திருப்பூரிலும் ஒரு ராயபுரம் உண்டு. வீடும் கம்பெனியும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் இந்நகரத்துத் தெருக்களில் பட்டியும் இல்லை, வைக்கோற்போரும் இல்லை. நாய்கள் மாத்திரம் இருந்தன. டீக்கடையின் பன்னும், தொழிலாளர் மீதம் வைத்த சோறும், இறைச்சிக்கடைக் கழிவும் அவற்றுக்கு ஜீவனமாயின. காட்டில் பிழைக்காத பெட்டை, தெருவில் பிழைத்தது.

சென்ற ஐப்பசியில், தீபாவளிக்குக் கம்பெனிகள் அடைத்துத் தொழிலாளரெல்லாம் சொந்த ஊர் போயிருந்த ஒரு வாரத்தில், ராயபுரத்துத் தெரு ஒன்றில் மழைத்தண்ணீர் ஓரமாக ஓட, பூட்டிய ஷட்டரின் அடியில் ஓர் அட்டைப்பெட்டியைக் கண்டேன். உள்ளே பனியன் வேஸ்ட் துணிக்கிடையில் நான்கு குட்டிகள். கண் அப்போதுதான் திறந்து நீலம் பாரித்திருந்தது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சூடு தேடின. பால் பாக்கெட்டோடு வந்த ஓர் அம்மாள் குனிந்து பார்த்து, "ஏனுங், கடுவன் ஒண்ணாச்சும் இருக்குதுங்களா?" என்றார். நான்கும் பெட்டை என்று சொன்னதும், "அதானுங் கொண்டாந்து போட்டுட்டாங்க" என்று நடையைக் கட்டினார். நான்கில் ஒன்று என் வீட்டுக்கு வந்தது. மற்ற மூன்றையும் அண்டை வீட்டார் எடுத்துக்கொண்டது தெருவின் அதிர்ஷ்டம்.

வீட்டுக்குள் நாயைச் சேர்க்கத் தயங்கிய முன்னோரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. வெறிநாய்க்கடிக்கு மருந்தே இல்லாத காலம் அது. தண்ணீரைக் கண்டு நடுங்கிச் சாகும் ஒருவரைப் பார்த்த ஊர், ஒரு தலைமுறைக்கு அதை மறக்காது. குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907ஆம் ஆண்டில் ஏற்பட்ட பிறகு, கடிபட்டவர்கள் மேட்டுப்பாளையம் சென்று மலை ரயில் ஏறிச் சிகிச்சை பெற வழி பிறந்தது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்தைத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள் குத்துவார்கள். ஆட்டைக் காக்க நாய், நாய்க்கடியிலிருந்து மனிதனைக் காக்க ஆடு என்று விதி முடிச்சுப் போட்டிருந்தது! அந்தப் பழைய ஊசி இந்தியாவில் 2005ஆம் ஆண்டு வாக்கில் வழக்கொழிந்தது. இன்று கையில் குத்தும் சில ஊசிகளோடு காரியம் முடிகிறது. நாய்க்கே தடுப்பூசி உண்டு. நாய் திண்ணையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்ததற்கு ஜனங்களின் மனமாற்றத்தைக் காட்டிலும் மருந்தே பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

சட்டமும் மெல்ல மாறியது. ராஜ்ய சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியின் பலனாக 1960ஆம் ஆண்டில் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்த சென்னை மாநகராட்சி, பிராணிகள் நலம் பேணும் நீலச்சிலுவைச் சங்கத்தாரின் நெடுநாள் வாதத்துக்குச் செவிசாய்த்து 1996ஆம் ஆண்டில் கருத்தடை முறைக்கு மாறியது. 2001ஆம் ஆண்டின் விதிகள் அதை நாடு முழுமைக்கும் பொதுவாக்கின. 2023ஆம் ஆண்டில் புது விதிகள் வந்தன. ஆனால் விதி எழுதும் வேகத்தில் கருத்தடை நடக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் காங்கயம், வெள்ளகோவில் பக்கங்களில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்ல, விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி நஷ்டஈடு கேட்டுப் போராடினார்கள். பட்டியைக் காத்த இனமே பட்டியைச் சூறையாடுவது கண்டு நாயை ஏசுவதில் நியாயமில்லை. வேண்டாமென்று பெட்டைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தெருவில் விட்டவர்கள் நாம்.

ஆகையால், எதிர்பாராமல் ஒரு சின்னஞ்சிறு குட்டி உங்கள் வாசலுக்கு வந்துவிட்டால், முதலில் அதற்குச் சூடு கொடுங்கள். வெந்நீர் அடைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் போதும். பசும்பால் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவைக் கரைத்து, மல்லாத்தாமல், குப்புறக் கிடத்தியபடியே புகட்டுங்கள். தாய் நக்கிவிடுவதற்குப் பதிலாக ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிட்டால்தான் மூன்று வாரம் நிரம்பாத குட்டி மலஜலம் கழிக்கும். ஆறு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய் ஊசி, கால்நடை மருத்துவர் சொல்லும் பருவத்தில் கருத்தடை. கடுவனா பெட்டையா என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டாதீர்கள். பெட்டையாக இருந்தால் அதையே எடுங்கள்.