பாடுவோர் முகமும் கேட்போர் முகமும்



பாட்டு காதுக்குரியது, ஆயினும் பாடுகிறவரைக் கண்ணாலும் காண வேண்டும் என்ற ஆசை கேட்பவருக்கு எப்போதும் உண்டு. டெலிவிஷன் வந்தபின் அந்த ஆசை வீட்டுக் கூடத்திலேயே நிறைவேறலாயிற்று. அதனோடு ஒரு சங்கடமும் வந்தது. அரங்கில் அமர்ந்திருப்பவன் தன் விருப்பம்போல் எங்கு வேண்டுமானாலும் பார்க்கலாம். திரைக்கு முன் இருப்பவனோ காமிரா காட்டுவதை மட்டுமே பார்க்க முடியும். ஆகவே எந்த நொடியில் யாரைக் காட்டுவது என்று வேறொருவர் அவனுக்காக முடிவு செய்தாக வேண்டும். பாடகி வாயை மூடியபின் காமிரா என்ன செய்வது?

இதற்கு நான் அறிந்தவரையில் மிகச் சிறந்த விடை 1957ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க் நகரில் கிடைத்தது. ஸி.பி.எஸ். நிறுவனத்தின் ஸ்டூடியோவிலிருந்து 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' என்னும் ஒரு மணி நேர நிகழ்ச்சி அன்று நேரடியாக ஒளிபரப்பப்பட்டது. தயாரிப்பாளர் ராபர்ட் ஹெரிட்ஜ். டைரக்டர் ஜாக் ஸ்மைட். யார் யாரை அழைப்பது என்று தேர்ந்தெடுத்தவர்கள் இசை விமரிசகர்களான நாட் ஹெண்டாஃப், விட்னி பாலியட் ஆகிய இருவர்.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பு மக்களிடையே பிறந்த இசை. எழுதி வைத்ததை அப்படியே வாசிப்பது அதன் இயல்பன்று. பாட்டின் சட்டத்தை வைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக மனோதர்மத்தால் அதை விரித்துச் செல்வார்கள். கரோல்பாகிலும் மாதுங்காவிலும் கச்சேரி கேட்டுப் பழகிய நேயர்களுக்கு இது புதிதல்ல. பாடகர் நிறுத்தி, வயலின்காரர் அதே ராகத்தைத் தம் முறைக்கு எடுக்கும்போது, பாடகர் முகத்தில் ஓடும் பாவங்களை நாம் கவனிப்பதில்லையா? ஜாஸ் இசையிலும் கேட்பது வாசிப்பதில் பாதி.

இதை அறிந்தே அந்நிகழ்ச்சியை அமைத்தார்கள். மாடமோ மேடை அலங்காரமோ கிடையாது. வெறும் ஸ்டூடியோ, தரையில் கேபிள்கள், ஒரு காமிராவின் படத்தில் இன்னொரு காமிரா தெரிந்தாலும் பாதகமில்லை. கலைஞர்கள் தெருவிலிருந்து வந்த உடையிலேயே, சிலர் தொப்பியோடும்கூட, அமர்ந்திருந்தார்கள். நல்ல காட்சி அகப்பட்டால் காமிராக்காரர்கள் தாமே அதைப் பிடிக்கலாம் என்று ஸ்மைட் சுதந்திரம் கொடுத்திருந்ததாக ஹெண்டாஃப் பிற்காலத்தில் எழுதியுள்ளார். வாசிப்பவருக்கு மட்டுமன்றி, படம் பிடிப்பவருக்கும் மனோதர்மம் அனுமதிக்கப்பட்டது என்று சொல்லலாம்.

பல காமிரா முறை அன்று வேலை செய்த விதத்தைச் சிறிது விளக்க வேண்டும். ஒவ்வொரு காமிராவிலிருந்தும் ஒரு தடித்த கேபிள் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லும். அங்கே காமிராவுக்கு ஒன்றாகச் சிறு திரைகள் வரிசையாக இருக்கும். டைரக்டர் அவற்றை ஒருசேரப் பார்த்து, எந்தப் படம் வெளியே போகவேண்டும் என்று சொல்லுவார். பக்கத்திலிருப்பவர் பொத்தானை அழுத்துவார். அந்த ஒரு படம் மட்டுமே வீடுகளை அடையும். மற்றவை அந்த நொடியிலேயே இல்லாமற் போகும். காமிராவின் முகப்பில் பல லென்சுகள் ஒரு சுழல் தட்டில் பொருத்தப்பட்டிருக்கும். தூரக் காட்சியிலிருந்து அண்மைக் காட்சிக்கு மாற வேண்டுமானால், தன் படம் ஒளிபரப்பில் இல்லாத வேளை பார்த்துத் தட்டைச் சுழற்றி, மறுபடியும் படத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு முகத்தைக் காட்ட விரும்புகிறவர் அந்த முகத்தில் ஏதோ நிகழப்போகிறது என்பதைச் சற்று முன்னதாகவே உணர்ந்திருக்க வேண்டும்.

அன்றைய பாடகி பில்லி ஹாலிடே, வயது 42. அவர் பங்கேற்பதையே தடுக்க முயற்சி நடந்தது. போதைப்பொருள் வழக்கில் 1947இல் சிறை சென்றவர் அவர். அப்படிப்பட்டவரை ஞாயிற்றுக்கிழமை குடும்பங்களின் வீட்டுக்குள் அனுப்பலாகாது என்று விளம்பரம் கொடுத்தவர் தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்தது என்றும், அவர் இல்லையேல் நாங்களும் இல்லை என்று ஹெரிட்ஜ் மறுத்துவிட்டார் என்றும் ஹெண்டாஃப் கூறியிருக்கிறார். சிறைவாசத்தின் காரணமாகவே, மது விற்கும் நியூயார்க் விடுதிகளில் பாடுவதற்கு வேண்டிய போலீஸ் அனுமதிச் சீட்டும் அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. தம் புகழுக்கு நிலைக்களமான நகரத்தின் இரவு விடுதிகளில் பாட முடியாத ஒருவர், அதே நகரத்து ஸ்டூடியோவிலிருந்து நாடு முழுவதற்கும் பாடினார். சட்டத்தின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று.

உயர்ந்த முக்காலி ஒன்றில் அவர் அமர்ந்திருக்க, வாத்தியக்காரர்கள் சுற்றிலும் நின்றார்கள். பாடியது 'ஃபைன் அண்ட் மெல்லோ'. 1939இல் அவரே பதிவு செய்த தம் சொந்தப் பாட்டு. பன்னிரண்டு தாள அளவுகள் கொண்ட ஒரு சுற்று. அவர் ஒரு சுற்றுப் பாடியபின் சாக்ஸபோன்காரர்கள் ஒவ்வொருவராக வாசிக்கத் தொடங்கினார்கள். முதலில் பென் வெப்ஸ்டர். அவருக்குப் பின் லெஸ்டர் யங்.

யங்கும் ஹாலிடேயும் 1937ஆம் ஆண்டு முதல் சேர்ந்து இசைத்தட்டுகள் பதிவு செய்தவர்கள். அவருக்கு 'லேடி டே' என்ற பெயரைச் சூட்டியவர் இவர்; இவரை 'பிரெஸ்', அதாவது தலைவர், என்று அழைத்தவர் அவர். இடையில் அவர்களுக்குள் விலகல் ஏற்பட்டிருந்தது. அன்று யங்கின் உடல்நிலை மிகவும் மோசம். உட்கார்ந்தே வாசிக்கலாம் என்று முன்னதாகச் சொல்லியிருந்தார்கள். தம் முறை வந்ததும் அவர் எழுந்து நின்றார். ஒரே ஒரு சுற்று. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். அதிக ஸ்வரங்கள் இல்லை. வித்தை எதுவும் இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் சொல்லப்படாத ஒரு வார்த்தையைப்போல் நின்று நின்று வந்தது.

அப்போதுதான் காமிரா ஹாலிடேயின் முகத்துக்குச் சென்றது. அவர் பாடவில்லை. தலையை மெல்ல அசைத்துக்கொண்டு, யங் வாசிப்பதைக் கேட்கிறார். அடுத்து வரும் ஸ்வரம் எது என்று அவருக்குத் தெரிந்திருப்பதுபோலவும், அது வந்தபோது வியப்பதுபோலவும் கண்கள் மாறுகின்றன. புன்னகையும் துயரமும் ஒன்றையொன்று தொடர்கின்றன. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் கண்ணீர் விட்டதாக ஹெண்டாஃப் எழுதுகிறார். பார்த்தவர்கள் அதை மிகையென்று சொல்லமாட்டார்கள்.

அதே நிகழ்ச்சியில் தெலோனியஸ் மங்க் பியானோ வாசிக்கையில் எதிரே அமர்ந்து ரசிக்கும் கவுண்ட் பேஸியின் முகத்தையும் காணலாம். ஒருவர் தம்மை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததை மங்க் விரும்பவில்லை என்பர். அது வேறு கதை.

மறு ஆண்டு, அதாவது 1958 ஜூலையில், நியூபோர்ட் ஜாஸ் விழாவை பெர்ட் ஸ்டெர்ன் என்னும் புகைப்படக் கலைஞர் பல காமிராக்களால் வண்ணத்தில் படம் பிடித்தார். 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' என்பது படத்தின் பெயர். இங்கே தேர்வு அந்த நொடியில் நடைபெறவில்லை. ஒவ்வொரு காமிராவும் தன் சுருளைத் தானே நிரப்பியது. பிறகு ஆரம் அவாக்கியன் எடிட்டிங் மேஜையில் அமர்ந்து ஒலியோடு படத்தை இணைத்தார். அனிதா ஓ'டே இறகு வைத்த பெரிய தொப்பியும் வெள்ளைக் கையுறையும் அணிந்து பகல் வெயிலில் பாடும் பகுதி அழகின் உச்சம். அவையோரின் முகங்களும் இடையிடையே அழகாக வருகின்றன. ஆனால் அந்த முகம் அந்த ஸ்வரத்தைத்தான் கேட்டதா, வேறொரு பாட்டின்போது எடுத்ததை இங்கே ஒட்டியதா என்று பார்ப்பவர் அறிய வழியில்லை. எடிட்டிங் மேஜையில் அது குற்றமன்று. அந்த முறையின் இயல்பு. ஹாலிடேயின் முகத்தைப் பற்றி அத்தகைய ஐயம் எழ இடமே இல்லை. யங் ஊதிய நொடியில்தான் அவர் அப்படிப் பார்த்தார். இந்த ஒரு காரணத்தால், வண்ணமும் நேர்த்தியும் நிறைந்த நியூபோர்ட் படத்தைவிட மங்கலான கறுப்பு வெள்ளை ஒளிபரப்பையே நான் மேலாகக் கருதுகிறேன். இந்நாளில் காமிராக்கள் அனைத்தும் தனித்தனியே பதிவு செய்துகொள்கின்றன; நேரடித் தேர்வும் உண்டு, பிறகு திருத்தவும் இடமுண்டு. வசதி அதிகம், அந்தப் பழைய உறுதி குறைவு.

அந்த ஒளிபரப்பு நமக்குக் கிடைத்திருப்பது கினஸ்கோப் என்னும் முறையால். டெலிவிஷன் திரைக்கு எதிரே ஒரு சினிமாக் காமிராவை வைத்து, திரையில் ஓடுவதைப் படச் சுருளில் பிடிப்பார்கள். இதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டுமென்று மொழிபெயர்ப்புத் தொழிலின் பழக்கத்தால் தேடிப் பார்த்தேன். 'திரைப்பிரதி' என்பதற்குமேல் எனக்கு ஓடவில்லை. படம் சற்றுக் கலங்கியிருக்கும், ஓரங்கள் தேய்ந்திருக்கும். ஸ்மைட் தேர்ந்தெடுத்தது மட்டுமே அதில் உள்ளது.

லெஸ்டர் யங் 1959 மார்ச் 15ஆம் தேதியும், பில்லி ஹாலிடே அதே ஆண்டு ஜூலை 17ஆம் தேதியும் காலமாயினர். அவருக்கு மறுக்கப்பட்ட அனுமதிச் சீட்டு முறையை நியூயார்க் நகரம் 1967இல் ஒழித்தது.