டெஸ்டில் தெரியாத வலிக்குப் பெயர் கிடைத்த வரலாறு



நம்ம கூட்டமைப்பு மலரில் குழுக்கள் வளர்ந்த வரலாறு நிறைய வரும். நான் ஒரு நோயின் வரலாற்றை எழுதுகிறேன். ஆண்களைவிடப் பெண்களிடமே இந்த நோய் அதிகம் காணப்படுகிறது. பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. வாயில் நுழையாத பெயர்தான். நார், தசை, வலி என்ற அர்த்தமுள்ள மூன்று சொற்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இந்த நோய் வந்தவர்களுக்கு கழுத்து, தோள், இடுப்பு, கை, கால் என்று உடம்பு முழுக்க மாதக்கணக்கில் வலிக்கும். ராத்திரி முழுக்கத் தூங்கினாலும் தூங்காத மாதிரியே அசதி இருக்கும். அடுப்பில் என்ன வைத்தோம் என்பதே மறந்து போகும். ஆனால் ரத்தம் எடுத்தாலும் எக்ஸ்ரே எடுத்தாலும் எல்லாம் நார்மல் என்றுதான் வரும். அதற்குப் பிறகு வீட்டில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும். "வேலைக்குப் பயந்து நடிக்கிறா" என்பார்கள். எங்க பெரிய நாத்தனார் நாலு வருஷம் இந்தப் பேச்சைக் கேட்டாங்க. நோயின் பெயர் தெரிந்த பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது. அதனால்தான் இந்தப் பெயர் எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன்.

1904-ல் லண்டனில் வில்லியம் கோவர்ஸ் என்ற டாக்டர் இந்த மாதிரி வலிக்கு 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்று பெயர் வைத்தார். தசையைச் சுற்றியுள்ள நார் வீங்கி அழற்சி ஆவதால் வலிக்கிறது என்று நினைத்தார். பின்னால் வந்தவர்கள் சோதித்துப் பார்த்தபோது அப்படி எந்த அழற்சியும் இல்லை. உடனே பலர் நோயே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்கப் படைவீரர்கள் பலர் உடம்பு வலி என்று வந்தார்கள். அதற்கு 'மனசால் வரும் வாதம்' என்று பெயர் வைத்தார்கள். துப்பாக்கி பிடித்த ஆம்பளைகளையே நம்பவில்லை என்றால், வீட்டுப் பெண்கள் சொல்வதை யார் நம்புவார்கள்?

1970-களில் கனடா நாட்டு டொராண்டோவில் ஹியூ ஸ்மைத், ஹார்வி மோல்டாஃப்ஸ்கி என்ற இரண்டு டாக்டர்கள் இதை ஆராய்ந்தார்கள். நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்களைத் தூங்க வைத்து, ஆழ்ந்த தூக்கம் வரும்போதெல்லாம் சத்தம் கொடுத்துக் கலைத்தார்கள். சில நாளில் அவர்களுக்கும் உடம்பு வலியும் அசதியும் வந்தது. தூக்கத்துக்கும் வலிக்கும் தொடர்பு உண்டு என்று அப்போது தெரிந்தது. 1976-ல் பழைய பெயரை விட்டுவிட்டு, ஃபைப்ரோமயால்ஜியா என்ற பெயர் வந்தது.

1981-ல் அமெரிக்காவில் முகமது யூனுஸ் என்ற டாக்டர் ஒரு வேலை செய்தார். நமக்குத் தெரிந்த, வங்கதேசத்தில் கிராமீன் வங்கி தொடங்கிய யூனுஸ் வேறு, இவர் வேறு. வலி உள்ள 50 பேரையும் வலி இல்லாத 50 பேரையும் எடுத்து, ஒரே மாதிரி கேள்வி கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். வலி உள்ளவர்கள் சொன்னது ஒன்றுக்கொன்று ஒத்துப் போனது. ஒருவரை ஒருவர் பார்க்காத அத்தனை பேரும் ஒரே மாதிரி நடிக்க முடியுமா?

1990-ல் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் சங்கம் ஒரு கணக்கு வைத்தது. உடம்பில் 18 இடங்களை விரலால் அழுத்த வேண்டும். அதில் 11 இடத்தில் வலித்து, உடம்பு வலி 3 மாதமாகவும் இருந்தால் இந்த நோய் என்றார்கள். 2002-ல் ஸ்கேன் எடுத்துக்கொண்டே கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார்கள். மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தெரிந்த லேசான அழுத்தத்துக்கே, இந்த நோய் உள்ளவர்களின் மூளையில் வலியை உணரும் பகுதிகள் வேலை செய்தன. ரேடியோவில் சத்தம் கூட்டி வைத்த மாதிரி, நரம்பு மண்டலம் வலியைக் கூட்டிக் காட்டுகிறது. அதனால்தான் எக்ஸ்ரேயில் தெரியவில்லை.

2010-ல் அழுத்திப் பார்க்கும் முறையும் மாறியது. 19 இடங்களைச் சொல்லி எங்கெல்லாம் வலிக்கிறது, தூக்கம் எப்படி, அசதி எவ்வளவு, மறதி உண்டா என்று நோயாளியிடமே கேட்டு மார்க் போடுகிறார்கள். வலிப்பவர் சொல்லும் சொல்லையே ஆதாரமாக எடுத்துக்கொள்ள நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

சகோதரிகளே, உடம்பு வலி எல்லாமே இந்த நோய் இல்லை. ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் டி குறைவு, முடக்குவாதம் எதிலும் இப்படி வலிக்கலாம். அதையெல்லாம் டாக்டர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்காதீங்க. இந்த நோய்க்கு அது பெரிதாகக் கேட்பதும் இல்லை. முழுசாகத் தீர்க்கிற மருந்து இன்னும் இல்லை. ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் செய்கிற நடைப்பயிற்சி, நேரத்துக்குத் தூக்கம், தேவைப்பட்டால் டாக்டர் தரும் மருந்து, இவற்றால் வலி குறையும்.

டாக்டரிடம் போகும் முன் எங்கே வலிக்கிறது, எத்தனை மாதமாக, தூக்கம் எப்படி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்க. எழுதத் தெரியாத அக்காவுக்குக் குழுவில் எழுதத் தெரிந்தவங்க எழுதிக் கொடுங்க. குழுக் கூட்டத்தில் யாராவது "உடம்பெல்லாம் வலிக்குது" என்று சொன்னால், "எல்லாருக்கும்தான் வலிக்குது" என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போகாமல், ரெண்டு நிமிஷம் என்ன ஏது என்று கேளுங்க.