நிலமும் பொட்டும்

முத்துலட்சுமி ரெட்டி என்றதும் தேவதாசி ஒழிப்புச் சட்டம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தச் சட்டம் நிறைவேறியது 1947இல், அவர் சட்டசபையை விட்டு விலகிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகு. உறுப்பினராக இருந்த குறுகிய காலத்தில் அவர் முன்னின்று நிறைவேற்றியது வேறொன்று: 1929இல் இந்து அறநிலையச் சட்டத்துக்கு வந்த திருத்தம். சிறுமிகளைக் கோயில் ஊழியத்துக்கு ஒப்படைக்கும் சடங்கான பொட்டுக்கட்டும் வழக்கத்தின் வேரில் கைவைத்தது அந்தத் திருத்தம்தான். அதை மறந்துவிட்டு அவரை ஒழுக்கப் பிரசாரகராக மட்டும் நினைவில் வைத்திருப்பது, சட்டம் இயற்றுபவராக அவர் செய்த மிக நுட்பமான வேலையைக் காணாமல் விடுவதாகும்.

முத்துலட்சுமி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். அவருடைய தாய் சந்திரம்மாள், பொட்டுக்கட்டும் மரபிருந்த குடும்பத்திலிருந்து வந்தவர். முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் பெற்று, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். மேற்பயிற்சிக்காக 1925இல் லண்டன் சென்றார். மாகாணச் சட்டசபையில் பெண்கள் அமரலாம் என்ற விதி வந்ததும் அரசு அவரை நியமித்தது. சபை அவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களின் திருமண வயதை உயர்த்துதல், விபசார விடுதிகளை ஒடுக்குதல் என்று அவர் வற்புறுத்தியவற்றில் எல்லாம் மருத்துவரின் பார்வை தெரிகிறது. நோய் கண்ட இடத்தில் நின்றுவிடாமல், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் பார்வை அது.

பொட்டுக்கட்டுதல் விஷயத்தில் அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை நிலம். கோயில் ஊழியத்துக்கென்று விடப்பட்ட மானியம், ஊழியம் செய்யும் பெண் இருக்கும்வரைதான் குடும்பத்திடம் தங்கும். அடுத்த தலைமுறையில் ஒரு சிறுமிக்குப் பொட்டுக்கட்டாவிட்டால் நிலம் கைமாறும். பெண் பிறக்காத வீட்டில் தத்தெடுத்தாவது அந்த இடத்தை நிரப்பினார்கள். சிறுமியை விபசாரத்துக்கென ஒப்படைப்பதைத் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள் ஏற்கெனவே குற்றமாக்கியிருந்தன. ஆனால் தாயும் பாட்டியும் ஊரும் சேர்ந்து நடத்தும் சடங்குக்கு எதிராகச் சாட்சி சொல்ல யார் வருவார்? 1927இல் சபை இந்த வழக்கத்தைத் தடுக்கக் கோரி நிறைவேற்றிய தீர்மானமும் பரிந்துரை மட்டுமே. மதத்தில் தலையிட அரசு தயங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் முத்துலட்சுமி வேறு வழியைப் பிடித்தார். நீதிக்கட்சி ஆட்சி கொண்டுவந்த அறநிலையச் சட்டம், கோயில் சொத்தை அரசின் மேற்பார்வைக்குள் ஏற்கெனவே கொண்டுவந்திருந்தது. அதில் ஒரு திருத்தத்தைச் சேர்த்து, இந்த நிலங்களை ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவித்தார். மகளுக்குப் பொட்டுக்கட்டாமலே தாய் நிலத்தை வைத்துக்கொள்ள வழி பிறந்தது. யாரையும் சிறைக்கு அனுப்பாமல், வழக்கத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த பொருளாதாரக் கட்டாயத்தை அகற்றிய சட்டம் இது.

மானியம் எல்லாருக்கும் இருந்ததா என்று கேட்கலாம். இல்லைதான். சென்னை நகரில் கச்சேரியையும் சதிர் ஆட்டத்தையும் நம்பி வாழ்ந்தவர்களுக்கு இந்தத் திருத்தத்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. இதைவிடக் கனமானது, சம்பந்தப்பட்ட பெண்களே எழுப்பிய எதிர்ப்பு. சென்னையில் சங்கமாகக் கூடி அரசுக்கு மனு எழுதிய அவர்கள், தங்களை விபசாரிகளோடு சேர்த்துப் பேசுவதை மறுத்தார்கள். முத்துலட்சுமி அந்தக் குரலுக்குக் காதுகொடுக்கவில்லை. கலையையும் அதைக் காத்தவர்களையும் இழிவோடு சேர்த்தே பார்த்தார். 1932இல், சதிருக்காக வாதிட்ட ஈ. கிருஷ்ணய்யரோடு பத்திரிகைகளில் நடந்த வாதத்திலும் அந்தக் கடுமை தளரவில்லை. இதில் அவரைக் காப்பாற்றிப் பேச என்னால் முடியாது. ஆயினும் அவருடைய பேச்சின் குறையை 1929 திருத்தத்தின் மேல் ஏற்றுவது சரியல்ல. அந்தத் திருத்தம் ஆடுவதையோ பாடுவதையோ தடுக்கவில்லை. சிறுமியை ஒப்படைப்பதற்கும் சொத்துக்கும் இடையே இருந்த முடிச்சை மட்டுமே அவிழ்த்தது. அதே சமூகத்தில் பிறந்து, பொட்டுக்கட்டுவதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரையும் நினைத்தால், பெண்கள் அனைவரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்றும் சொல்ல முடியாது.

ஆய்வாளர்கள் பின்னாளில் சுட்டிய ஒரு விளைவுதான் உண்மையிலேயே உறுத்துகிறது. பெண்வழியாக இறங்கிவந்த சொத்து சாதாரண வாரிசு முறைக்குள் வந்தபோது, அந்தக் குடும்பங்களின் ஆண்கள் பயனடைந்தார்கள். ஒப்படைப்பைத் தடுக்க அவர் கொண்டுவந்த அடுத்த மசோதாவாவது இந்த ஓட்டையை அடைத்திருக்குமா என்றால், அதுவும் சடங்கைத் தடுப்பதையே பேசியது. காந்தி கைதானதைக் கண்டித்து அவர் 1930இல் பதவி விலகியதும் அந்த மசோதா கிடப்பில் விழுந்தது. 1947 சட்டம் வந்தபோதும், ஊழியத்தை இழந்த பெண்ணின் பிழைப்புக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கவில்லை.