அல்ட்ஜிரா: ஒரு சொல்லின் சரித்திரம்

ஒரு ஜனத்தின் நிலத்தை எடுத்துக்கொள்வதோடு ஒப்பிட்டால், அவர்கள் பாஷையிலிருந்து கடவுளுக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொள்வது அற்பக் காரியமாகத் தோன்றும். மத்திய ஆஸ்திரேலியாவில் ஹெர்மன்ஸ்பர்க் என்ற லூத்தரன் மிஷன் குடியிருப்பின் கதையைப் படித்தால் அப்படித் தோன்றாது.

ஜெர்மனியில் அதே பெயர் கொண்ட ஊரில் பயிற்சி பெற்ற கெம்பே, ஷ்வார்ஸ் என்ற இரு பாதிரிகள், 1875 அக்டோபரில் தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஆடுமாடுகளோடு கிளம்பினார்கள். வறட்சியில் நடுவழியில் மாதக்கணக்காக முடங்கிக் கிடந்து, 1877 ஜூனில் ஃபிங்க் நதிக்கரையை அடைந்தார்கள். அராண்டா மக்களுக்கு (இன்று அரெர்ன்டே என்று எழுதுகிறார்கள்) அது என்டாரியா. வந்தவர்கள் தாங்கள் படித்த ஊரின் பெயரை அதன்மேல் ஒட்டினார்கள்.

சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள் பரவிக்கொண்டிருந்த காலம். மாட்டைக் கொன்றவன் என்று சந்தேகித்தாலே சுட்டார்கள். போலீஸின் கொலைகளைப் பற்றிப் பாதிரிகள் புகார் எழுதினார்கள். வில்ஷயர் என்ற போலீஸ் அதிகாரி இரண்டு ஆதிகுடிகளைக் கொன்றதாக 1891-ல் விசாரிக்கப்பட்டு, விடுதலையானார். இதை மறந்துவிட்டு மிஷனைத் திட்டுவது எளிது. குண்டுக்குத் தப்பி வந்தவனுக்கு அங்கே மாவும் சர்க்கரையும் கிடைத்தன. கூடவே ஒரு கடவுளும்.

அந்தக் கடவுளுக்கு முதல் பாதிரிகளே அல்ட்ஜிரா என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1894-ல், இருபத்திரண்டு வயதில் அங்கே வந்த கார்ல் ஸ்ட்ரேலோ அதையே தொடர்ந்தார். ஆனால் இவர் கேட்கத் தெரிந்தவர். ஃப்ராங்க்ஃபர்ட்டில் 1907 முதல் 1920 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய பெரிய நூலில், கிழவர்கள் சொன்ன அல்ட்ஜிராவைப் பதிவு செய்கிறார். வானத்தில் இருக்கிறான், பலசாலி, கால் மட்டும் ஈமு பறவையின் கால். மனிதர்கள் எப்படிப் போனாலும் அவனுக்கு அக்கறையில்லை. மனிதனுக்காகத் தன் மகனையே அனுப்பிய கடவுளுக்கு, மனிதனைத் திரும்பிப் பார்க்காத ஒருவனின் பெயர்! நம் தரங்கம்பாடி லூத்தரன்களுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. ஆனால் பப்ரீஷியஸ் பைபிளில் எடுத்தாண்ட 'பராபரன்' ஏற்கெனவே தத்துவத்தில் புழங்கிய சொல். ஈமு கால் எதுவும் அதில் ஒட்டியிருக்கவில்லை.

அதே காலத்தில் ஸ்பென்ஸரும் கில்லனும் அந்தச் சொல்லையே கனவோடு சேர்த்து அர்த்தப்படுத்தினார்கள். 'கனவுக் காலம்' என்று இன்று உலகமெங்கும் புழங்கும் பிரயோகத்தின் வேர் அதுதான். (வில்ஷயரைக் கைது செய்ய வைத்தவர் இதே கில்லன். சரித்திரத்தில் பாத்திரங்கள் குறைவு.) பிற்காலத்தில் ஸ்ட்ரேலோவின் மகன் இரண்டையும் மறுத்து, எதனாலும் உண்டாக்கப்படாத நித்தியம் என்பதே மூலப்பொருள் என்று வாதாடினார். மூன்று வெள்ளைக்கார அர்த்தங்கள். மகனுடையதே கவிதைக்கு மிக நெருக்கமானது. அதனாலேயே அதன்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகமும் உண்டு.

அப்பா ஸ்ட்ரேலோ ஒரு சடங்கைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. பாதிரி என்பதால் பார்க்க மறுத்தார். ஆனால் அந்தச் சடங்குகளின் பாட்டுகளைக் கிழவர்களை உட்காரவைத்துச் சொல்லச் சொல்லி, சொல்லுக்குச் சொல் எழுதினார். சொன்னவர்களில் மோசஸ் ஜல்கபோட்டா ஞானஸ்நானம் பெற்றவர். பார்வை இழந்தும் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவர். லொவாட்ஜிரா என்டாரியாவின் சடங்குத் தலைவர். ஸ்ட்ரேலோ இருந்தவரை தண்ணீருக்குத் தலை குனியாதவர். எந்தப் பாட்டை விடும்படி மிஷன் சொன்னதோ அதையே பாதிரியின் காகிதத்தில் அவர் வைத்துவிட்டுப் போனார். அழித்தவரே காப்பாற்றினார் என்று ஸ்ட்ரேலோவை வைத்து முரண் பேசுகிறவர்கள், கொடுக்கத் தீர்மானித்தவரை விட்டுவிடுகிறார்கள். அந்தப் புத்தகத்தில் லொவாட்ஜிராவின் யோசனையும் இருக்கிறது என்பதே என் கட்சி.

ஸ்ட்ரேலோ 1922 அக்டோபரில், நீர் கோத்த உடம்போடு வைத்தியத்துக்காக வண்டியில் ஃபிங்க் வழியே தெற்கே போகும்போது ஹார்ஸ்ஷூ பெண்டில் இறந்தார். பின்னாலேயே வந்த மகன் டி.ஜி.எச். ஸ்ட்ரேலோவுக்குப் பதினான்கு வயது. அந்தப் பயணத்தை 1969-ல் எழுதினார். 1971-ல் மத்திய ஆஸ்திரேலியப் பாட்டுகள் பற்றிய மாபெரும் நூலை வெளியிட்டார். அப்பா பார்க்க மறுத்ததை மகன் பார்த்தார், படமெடுத்தார். கிழவர்கள் நம்பிக் காட்டிய ரகசியச் சடங்குகளின் படங்கள் 1978-ல் அவர் மூலம் ஒரு ஜெர்மன் பத்திரிகைக்குப் போய் அச்சேறின. பார்க்காத பாதிரியா, பார்த்த பண்டிதரா, யார் அதிகம் எடுத்துக்கொண்டது?

மிஷனின் பிற்காலத்தை வேகமாகத் தாண்டலாம்: இருபதுகளின் கடைசியில் கொடும் வறட்சி, ஸ்கர்வி, குழந்தைச் சாவுகள், 1935-ல் கபோரில்யா ஊற்றிலிருந்து குழாய்த் தண்ணீர், அங்கே பிறந்து நாடெங்கும் புகழ்பெற்ற ஓவியர் நமட்ஜிரா 1959-ல் இறந்தது, 1982-ல் நிலம் உரியவர்களுக்கே திரும்பியது.

சொல் எடுத்தவர்கள் பாதிரிகள் மட்டுமல்ல. அராண்டாவில் சடங்குத் தலைவனுக்கு இங்காட்டா என்று பெயர். லொவாட்ஜிரா இங்காட்டா. அந்தப் பட்டத்தை மக்கள் ஸ்ட்ரேலோவுக்கும் கொடுத்தார்கள். பிறகு லூத்தரன் போதகர் எல்லோருமே இங்காட்டா ஆனார்கள். இதைச் சரணாகதி என்று படிக்கலாம். வந்தவனைத் தங்கள் ஒழுங்குக்குள் ஒரு இடம் பார்த்து உட்காரவைத்த சாமர்த்தியம் என்றும் படிக்கலாம். 2015-ல் அந்தப் பிரதேசத்துப் பெண்களின் பாடகர் குழு ஒன்று ஜெர்மனிக்குப் போய், பழைய லூத்தரன் கீதங்களைத் தங்கள் பாஷையில் பாடிவிட்டு வந்தது.