பாடும் பெட்டியின் உலோகங்கள்

காசு இட்டால் விரும்பிய பாட்டைப் பாடும் 'ஜூக்பாக்ஸ்' பெட்டியைக் கண்டவர்கள் அதன் ஒளியையும் ஒலியையுமே நினைவிற் கொள்வர். அதன் உடலாய் அமைந்த உலோகங்களை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆயினும் அப்பெட்டி பிறந்த காலத்தின் வரலாறு அவ்வுலோகங்களில்தான் பதிந்து கிடக்கிறது.

1920-களில் குரோமிய முலாம் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு வந்தது. 1929-இல் தூய துத்தநாகத்தை அடிப்படையாகக் கொண்ட 'சமாக்' என்னும் கலப்புலோகம் தோன்றியது. முந்திய துத்தநாக வார்ப்புகள், கலந்திருந்த சிறிதளவு ஈயத்தால் நாளடைவில் விரிசல் கண்டு உதிர்ந்தன. அக்குறை நீங்கியதும், நுண்ணிய பூவேலையையும் அச்சில் வார்த்து முலாம் பூசுவது எளிதாயிற்று.

1942-இல் போரின் காரணமாக அமெரிக்க அரசாங்கம் ஜூக்பாக்ஸ் உற்பத்தியை நிறுத்தியது. வுர்லிட்சர் நிறுவனத்தின் 'விக்டரி' பெட்டி அக்காலத்ததே. மரமும் கண்ணாடியுமே அதில் மிகுதி. பழைய பெட்டிகளின் பொறிகளை அதனுள் பொருத்தினர். அங்கே உலோகம் இல்லாமையே வரலாற்றுச் சான்று! போருக்குப்பின், 1946-இல், பால் புல்லர் வடிவமைத்த 1015 எண் பெட்டி வந்தது. 56,000-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன.

இனி, உலோகத்தை அறிவது எவ்வாறு? முதலிற் காந்தத்தை வைத்துப் பாருங்கள். முலாம் பூசியிருப்பினும் எஃகு இழுக்கும். துத்தநாகம், பித்தளை, அலுமினியம் ஆகியவை இழுக்கா. எவர்சில்வரில் சில வகை இழுக்கும், சில இழுக்கா. ஆகவே காந்தம் ஒன்றே போதாது. கையில் எடுத்தால் அலுமினியம் இலேசாயிருக்கும். துத்தநாகம் அதனினும் இரண்டரை மடங்கு கனம். முலாமின் கீழ் வெண்பொடி கண்டால் துத்தநாகம். செந்துரு கண்டால் எஃகு. நிக்கல் சற்றே மஞ்சள் சாயலும், குரோமியம் நீலச் சாயலும் காட்டும்.

அறிந்த பின்னரே துடைக்க வேண்டும். குரோமியப் பூச்சு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியது. இரும்பு நாரால் தேய்த்தால் போனது போனதே. காஸ்டிக் சோடா அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். அமோனியா பித்தளைக்கு ஆகாது. மென்மையான சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் போக்கி, மெழுகு பூசுவதே நன்று.

விக்டரிப் பெட்டிக்குப் பளபளக்கும் உலோகப் பட்டை பூட்டினால் அழகு கூடலாம். போர்க்காலச் சாட்சியம் அழிந்துவிடும். புதுப்பித்தல் வேறு, காத்தல் வேறு. ஓலைச்சுவடியைத் துடைப்பவன் எழுத்தைத் துடைத்துவிடலாகாது அன்றோ?