முப்புரி கண்ட சென்னை

பருப்பிலும் பாலிலும் உள்ள புரதம் உடலை வளர்ப்பது என்பதைச் சிறுவர் பாடநூலிலேயே கற்கின்றோம். அப்புரதத்தின் சங்கிலி எவ்வாறு மடிந்து உருப்பெறுகிறது என்ற வினாவிற்குச் சென்னையிலிருந்து ஒரு விடை எழுந்த வரலாற்றை நம்மில் பலர் அறியோம். தாயகம் விட்டு வாழும் நம் பிள்ளைகள் அறியும்பொருட்டு அதனை இங்கு எழுதுகின்றோம்.

எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்த ஜி. என். ராமச்சந்திரன், பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் பயின்றவர். 1952இல் சென்னைச் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியரானார். சென்னைக்கு வந்திருந்த விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அவரிடம் கூறினார். தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது அதுவே. அடையாற்றில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கொலாஜன் கிடைத்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, அது மூன்று சங்கிலிகளால் ஆனது என்று 1954இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். மறு ஆண்டு, அம்மூன்றும் முப்புரிக் கயிறுபோல் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக் கிடக்கின்றன எனத் திருத்தினர். கயிற்றின் உட்புறத்தில் இடம் மிகக் குறைவு. ஆகவேதான் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதாகிய கிளைசின் அமர்ந்திருக்கிறது.

அவ்வாண்டிலேயே கேம்பிரிட்ஜிலிருந்து ஆட்சேபம் வந்தது. கிரிக், ரிச் என்னும் இருவர், சென்னை அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றனர். மூன்று அமினோ அமிலங்களுக்கு ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டன்று, ஒன்றே என்றும் வாதிட்டனர். பிணைப்பைப் பற்றிய அவர்கள் கூற்றே பின்னர் நிலைத்தது. ஆயினும் முப்புரி என்ற மூலக்கருத்துச் சென்னையுடையதே.

அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? இக்கேள்வியை ராமச்சந்திரன் விடவில்லை. தெரிந்த படிகங்களின் அளவுகளையெல்லாம் திரட்டினார். கூட்ஸ் வண்டியை எண்ணிப் பாருங்கள்: பெட்டிகள் வளையா, இணைப்பில் மட்டுமே திரும்பும், அளவு மீறினால் பஃபர்கள் முட்டிக்கொள்ளும். புரதச் சங்கிலியும் ஏறக்குறைய அத்தகையதே. அதன் தட்டையான துண்டுகள் ஒவ்வோர் இணைப்பிலும் இரு கோணங்களில் சுழல வல்லவை. எக்கோணங்களில் அணுக்கள் முட்டாது நிற்கும் என்று ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு, 1963இல் ஒரு வரைபடமாக வெளியிட்டார். படத்தின் சிறு பகுதியே புரதத்திற்கு இசைந்தது. எஞ்சிய பெரும்பகுதி பெரும்பாலும் விலக்கப்பட்டது.

ராமச்சந்திரன் 2001இல் சென்னையில் காலமானார். புதியதொரு புரதத்தின் அமைப்பை எந்நாட்டார் கண்டாலும், கணிப்பொறியே ஊகித்துக் கூறினாலும், அதன் கோணங்களை அவ்வரைபடத்தில் இட்டுப் பார்த்தே சரிபார்க்கின்றனர். உலகெங்கும் அதற்கு ராமச்சந்திரன் வரைபடம் என்றே பெயர்.