சானல் மைனஸ் ஒன்று: காலி லினக்ஸின் வைஃபை கோளாறுகளும் ஒரு பேட்சின் பாடபேதமும்

ராஃபேல் ஹெர்ட்சோக், ஜிம் ஓ'கார்மன், மாட்டி அஹரோனி ஆகிய மூவர் எழுதி 2017இல் வெளிவந்த ‘காலி லினக்ஸ் ரிவீல்டு’ நூலின் முதல் அத்தியாயம், காலியின் கர்னலை ஒரு சிறு பகுதியிலேயே சொல்லி முடித்துவிடுகிறது. அது சொல்வன மூன்று. டெபியன் அன்ஸ்டேபிளிலிருந்து எடுத்த புதிய கர்னல் என்பதால் பலவகை வயர்லெஸ் கருவிகள் இயங்கும். டெபியன் தன் மையத்தில் சேர்க்காத மூடிய ஃபர்ம்வேர் கோப்புகளும் முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்கும். சோதனைக் கருவிகளுக்குத் தேவை என்பதால், பாக்கெட் இஞ்செக்‌ஷனுக்கான பேட்ச் கர்னலில் சேர்க்கப்பட்டிருக்கும்.

இம்மூன்றில் எதுவும் பொய்யில்லை. நூலாசிரியர்களில் ஒருவர் காலியை உருவாக்கியவர்; மற்றொருவர் நெடுங்கால டெபியன் டெவலப்பர். சிக்கல் தகவலில் இல்லை, அடுக்கிய முறையில் இருக்கிறது. புதிய கர்னல், ஃபர்ம்வேர், பேட்ச் ஆகிய மூன்றும் வன்பொருள் ஆதரவு என்ற ஒரே எண்ணத்தின் கீழ் வந்துவிடுகின்றன. படிப்பவர் மனத்தில் இதிலிருந்து ஒரு வரலாறு தானே உருவாகிறது: அடாப்டர் இயங்காவிட்டால் டிரைவர் இல்லை, அல்லது ஃபர்ம்வேர் இல்லை, அல்லது சிப் தவறானது. பயிற்சி வகுப்புகளில் இன்றும் சொல்லப்படுவது இந்த வரலாறுதான். இதை ‘ஆதரவு வாசிப்பு’ என்று அழைக்கலாம்.

இக்கட்டுரையின் வாதம் வேறு. காலியின் முன்னோடியான பேக்டிராக் காலத்திலிருந்து காலி வரை, இந்த இயங்குதளத்துக்கே உரிய வயர்லெஸ் கோளாறுகளில் முக்கியமானவை ஆதரவுக் குறையால் வந்தவை அல்ல. ஒரே அடாப்டரை இரண்டு தரப்புகள் ஒரே நேரத்தில் ஆள முயன்றதால் வந்தவை. அந்தப் பேட்சும் ஆதரவைக் கூட்டுவதற்காக எழுதப்பட்டது அல்ல. கர்னலின் கையிலிருந்து சில முடிவுகளைப் பறிப்பதற்காக எழுதப்பட்டது.

ஆதரவு வாசிப்புக்கு உரிய மதிப்பை முதலில் கொடுத்துவிட வேண்டும். டெபியன் 2011 பிப்ரவரியில் ஸ்குவீஸ் பதிப்பை வெளியிட்டபோது, கர்னலில் கலந்திருந்த மூடிய ஃபர்ம்வேரைப் பிரித்தெடுத்தது. நிறுவும் ஊடகத்துக்குள்ளேயே அந்தக் கோப்புகளை வைக்கலாம் என்று டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்தது 2022இல்; அது நடைமுறைக்கு வந்தது 2023 ஜூனில் வெளியான புக்வார்மில். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனையோ மடிக்கணினிகள் நிறுவலின் நடுவே வைஃபை இன்றி நின்றன. சிப் தொடர்பான ஏமாற்றமும் உண்மையே. டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 இருந்தது; இரண்டாம் பதிப்பு முதல் ரியல்டெக் சிப். பெட்டியின் மேல் பெயர் மாறவில்லை. பழைய பரிந்துரையை நம்பிப் புதிய பதிப்பை வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம். மெய்நிகர் இயந்திரத்துக்குள் காலியை ஓட்டுபவருக்கு மடிக்கணினியின் உள் வைஃபை தெரியவே தெரியாது என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே தெரிவது மெய்நிகர் ஈத்தர்நெட் மட்டுமே. வைஃபை வேண்டுமென்றால் யூஎஸ்பி அடாப்டரைத்தான் உள்ளே இணைக்க வேண்டும்.

இவை எல்லா லினக்ஸுக்கும், எல்லாக் கணினிக்கும் பொதுவான துன்பங்கள். பாதுகாப்புச் சோதனைக்கென்றே உருவான ஓர் இயங்குதளத்தின் தனி வரலாற்றை இவற்றைக் கொண்டு எழுத முடியாது.

தனி வரலாறு தொடங்கும் இடம் ஒன்று 2010 ஜனவரியில் இறுதி வடிவம் பெற்ற பேக்டிராக் 4. அதை பூட் செய்தால் நெட்வொர்க் எழாது. பயனர் தாமாக நெட்வொர்க்கிங் சேவையைத் தொடங்கும் கட்டளையைத் தட்ட வேண்டும். வாடிக்கையாளரின் வலையில் கணினியைச் செருகிய நொடியே டிஹெச்சிபி கேட்டுச் சத்தம் போடக் கூடாது என்பதுதான் காரணம். வேண்டுமென்றே வைத்த அமைதி அது. புதிதாக வந்தவருக்கோ அது கெட்டுப்போன அடாப்டர். கோளாறுக்கும் கொள்கைக்கும் வேறுபாடு தெரியாத நிலை இங்கேயே தொடங்கிவிட்டது.

2013 மார்ச்சில் காலி 1.0 வந்தபோது அமைதி மாறியது, குழப்பம் மாறவில்லை. மேல்பட்டையில் நெட்வொர்க் ஐகானை அழுத்தினால் ‘டிவைஸ் நாட் மேனேஜ்டு’ என்று பதில் வரும். அடாப்டர் பழுதில்லை, டிரைவரும் உண்டு. டெபியனின் பழைய ஏற்பாட்டின்படி, இன்டர்ஃபேசஸ் கோப்பில் பெயர் உள்ள எந்தக் கருவியையும் நெட்வொர்க்மேனேஜர் தொடாது. அதன் அமைப்புக் கோப்பில் ‘மேனேஜ்டு’ என்பதற்கு ‘ஃபால்ஸ்’ என்று எழுதியிருக்கும். இன்டர்ஃபேசஸ் கோப்பைப் படிக்கும் பழைய நிர்வாகியும் கையை விட்டார், புதிய நிர்வாகியும் கை வைக்கவில்லை. தீர்வு ஒரே சொல்லை மாற்றுவது. ஃபர்ம்வேர் கோப்புகள் அனைத்தும் உடன் வந்த இயங்குதளத்தில் அதிகம் கேட்கப்பட்ட கேள்விகளுள் ஒன்று இது என்பதை ஆதரவு வாசிப்பால் விளக்க முடியாது.

அதைவிட வலுவான சான்று சானல் மைனஸ் ஒன்று.

பேக்டிராக்கின் பிற்காலத்தில் ஏர்கிராக்-என்ஜி தொகுப்பின் ஏரோடம்ப்-என்ஜியை ஆறாம் சானலில் நிறுத்தி ஓட்டினால், திரையின் மேல்வரியில் மான்0 இன்டர்ஃபேஸ் மைனஸ் ஒன்றாம் சானலில் நிலைத்திருப்பதாக ஒரு குறிப்பு வரும். அதே தொகுப்பின் ஏர்ரீப்ளே-என்ஜியோ, மான்0 மைனஸ் ஒன்றில் இருக்கிறது, ஆக்சஸ் பாயின்ட் ஆறில் இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிடும். அப்படி ஒரு சானல் உலகில் இல்லை. கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்பதைத்தான் அந்த எண் சொன்னது. அக்காலத்தில் பெரிதும் விரும்பப்பட்ட அல்ஃபாவின் ஏடபிள்யூயூஎஸ்036ஹெச் அடாப்டரிலும் இது வந்தது. அதிலுள்ள சிப் ஆர்டிஎல்8187எல். அதன் டிரைவர் வட்டிலிருந்து எந்த ஃபர்ம்வேர் கோப்பையும் ஏற்றுவதில்லை. ஃபர்ம்வேர் இல்லை என்று குற்றம் சாட்டவே வழியில்லாத கருவி அது. அதன் டிரைவரும் கர்னலுக்குள் பழையது. ஆதரவு என்று எதைச் சொன்னாலும் அத்தனையும் இருந்தது. இருந்தும் மைனஸ் ஒன்று வந்தது.

காரணம் இது. ஒரே ரேடியோவின் மேல் டபிள்யூலேன்0 என்ற சாதாரண இன்டர்ஃபேஸும் மான்0 என்ற மானிட்டர் இன்டர்ஃபேஸும் சேர்ந்து உயிரோடு இருந்தன. ரேடியோ ஒரு நேரத்தில் ஒரு சானலில்தான் நிற்கும். எந்தச் சானல் என்பதை யார் முடிவு செய்வது? 2012 வாக்கில் இதற்குக் கர்னலின் விடை தெளிவான உருவம் பெற்றது: அந்த ரேடியோவில் மானிட்டர் தவிர வேறு இன்டர்ஃபேஸ் இயங்கிக்கொண்டிருந்தால், மானிட்டருக்குச் சானல் மாற்றும் உரிமை இல்லை, ‘ஈபிஸி’ என்ற பிழை எண்ணைத் திருப்பு. இரண்டே வரிகள். காலியின் கர்னல் பேட்சைத் திறந்தால் அந்த இரண்டு வரிகளும் கமென்ட் குறி இடப்பட்டு ஊமையாக்கப்பட்டிருக்கின்றன. எந்தக் கருவிக்கும் இதனால் புதிதாக ஆதரவு கிடைக்கவில்லை. இல்லை என்று சொல்லும் உரிமை மட்டுமே கர்னலிடமிருந்து போயிற்று.

கோளாறு தேடுபவருக்கு இதிலொரு பயனுண்டு. ஃபர்ம்வேர் ஏறாவிட்டால் டிமெசேஜில் கோப்பின் பெயரோடு பிழை பதிவாகும். ஈபிஸி அங்கே வருவதில்லை; கேட்ட நிரலுக்கு மட்டும் திரும்பிப் போகிறது. கர்னலைப் பொறுத்தவரை எதுவும் கெடவில்லை. எனவே டிமெசேஜ் அமைதியாக இருந்து, எல்எஸ்யூஎஸ்பியில் கருவியும் தெரிந்தால், அடுத்து பார்க்க வேண்டியது சிப் பட்டியல் அன்று. ஆர்எஃப்கில் பட்டியல், நெட்வொர்க்மேனேஜரின் கருவி நிலை, ஐடபிள்யூ காட்டும் இன்டர்ஃபேஸ்கள் என்ற வரிசையே பொருந்தும்.

இனி அந்தப் பேட்சின் மற்றொரு பகுதி. ஏர்கிராக்-என்ஜி சேமிப்பிலிருந்து பல கைகளில் உலவிய இந்தப் பாடத்தின் இரண்டு பிரதிகளின் பெயர்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று 2.6.28-ஆர்சி4 கர்னலுக்கானது, பெயரின் முடிவில் ‘வி3’. மற்றொன்றின் பெயரில் கம்பேட்08082009 என்ற குறியும் முடிவில் ‘வி1’ என்பதும் உண்டு. 2.6.28-ஆர்சி4 வெளியானது 2008 நவம்பரில். பெயரின் எண்ணை நம்பினால் ‘வி1’ முந்தியது; அடிப்படைக் கர்னலை நம்பினால் ‘வி3’ முந்தியது. ஒவ்வொரு அடிப்படைக்கும் எண் புதிதாகத் தொடங்கியது என்று கொள்வதே பொருத்தம். அப்படியானால் இந்த எண்களை வைத்துக் கால வரிசை அமைக்க இயலாது. 08082009 என்பது 2009 ஆகஸ்ட் 8 என்பதில் ஐயமில்லை, நாளை முதலில் எழுதினாலும் மாதத்தை முதலில் எழுதினாலும் ஒன்றுதான். ஆனால் அது கம்பேட்-வயர்லெஸ் தொகுப்பு எடுக்கப்பட்ட நாள். பேட்ச் எழுதிய நாளுக்கு அது முன் எல்லையை மட்டுமே தருகிறது.

பாடத்தின் உள்ளே அதைவிடச் சுவையான இடம் ஒன்று. பாக்கெட்டுகளுக்கு வரிசை எண் இடும் செயற்கூற்றின் தலையில் நீண்ட குறிப்பு ஒன்று இருக்கிறது. இஞ்செக்ட் செய்யும் நிரல் வரிசை எண்ணைத் தானே தீர்மானிக்க விரும்பலாம், ஆகவே அத்தகைய பாக்கெட்டுக்கு எண் மாற்றாதே, ஏசிகே எதிர்பார்த்து மீண்டும் மீண்டும் அனுப்பவும் செய்யாதே என்கிறது. பிறகு ‘ஃபிக்ஸ்மீ’ என்ற எச்சரிக்கை: இதனால் ஆக்சஸ் பாயின்ட் நடத்தும் ஹோஸ்ட்ஏபிடி உடையலாம், முறையாக இதை ரேடியோடேப் தலைப்பில் ஒரு கொடி மூலம் செய்ய வேண்டும்.

எழுதியவர் தம் வேலை தற்காலிகமானது என்று அறிந்தே எழுதியிருக்கிறார். முடிவெடுக்கும் உரிமையைக் கர்னலிடமிருந்து நிரலுக்கு மாற்றுகிறோம் என்பதும் அவருக்குத் தெரியும். ‘கருவிகளுக்குத் தேவை’ என்ற நூலின் விளக்கம் இந்தக் குறிப்பின் முன் மிகவும் மெலிந்துபோகிறது.

குறிப்பின் கீழேயே உள்ள நிபந்தனையோ குறிப்போடு ஒத்துப்போகவில்லை. ‘குக்’ கொடி உள்ள மானிட்டர் இன்டர்ஃபேஸுக்கு விலக்கு அளிக்கிறது அது. அந்தக் கொடியோடு மானிட்டரைத் திறந்துவந்த நிரல் ஹோஸ்ட்ஏபிடி. உடையலாம் என்று மேலே எச்சரிக்கை; உடையாமல் இருக்கக் கீழே ஏற்பாடு. ஆகவே குறிப்பு பழைய அடுக்கு, விலக்கு பிந்தைய அடுக்கு. யாரோ ஹோஸ்ட்ஏபிடி உண்மையிலேயே உடைவதைக் கண்டு நிபந்தனையைத் திருத்தி, குறிப்பை அப்படியே விட்டுவிட்டார் என்பது இக்கட்டுரையின் ஊகம். இரண்டையும் ஒருவரே ஒரே நாளில் எழுதி, விலக்கு போதாது என்று அஞ்சி எச்சரிக்கையையும் சேர்த்திருக்கலாம் என்ற மறுப்புக்கு இடமுண்டு. ஆனால் குறிப்பு ஹோஸ்ட்ஏபிடியைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. அதற்கென்றே விலக்கு எழுதியவர் அந்தப் பெயரையே எச்சரிக்கையில் வைப்பது இயல்பாகத் தோன்றவில்லை. இரண்டு அடுக்குகள் என்றால் இரண்டு தரப்புகளின் சண்டையும் பேட்சுக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது: மானிட்டரைப் பயன்படுத்தும் தாக்குதல் கருவி ஒரு பக்கம், ஆக்சஸ் பாயின்ட் நடத்தும் சேவை மறுபக்கம்.

கேட்கப்பட்ட கொடி வந்தது 2020இல். கிராக் தாக்குதலை 2017இல் வெளிப்படுத்திய மேத்தி வான்ஹோஃப், இஞ்செக்ட் செய்த பாக்கெட்டின் வரிசை எண்ணைக் கர்னல் தொடாமலிருக்க ரேடியோடேப் கொடி ஒன்றை முதன்மைக் கர்னலிலேயே சேர்த்தார். 2021இல் வெளியான ஃபிராக்அட்டாக்ஸ் ஆய்வு அவருடையதே. பிரித்து அனுப்பும் பாக்கெட்டுகளைச் சோதிக்க வரிசை எண் நிரலின் கையில் இருந்தே ஆக வேண்டும். ஃபிக்ஸ்மீ கேட்டதும் இதுவே. உரிமை மாற்றம் இப்போது ஒட்டுவேலையாக அன்றி முறையான பேச்சாக நடக்கிறது: நிரல் கேட்கிறது, கர்னல் ஒப்புகிறது.

சானல் பக்கத்தில் அப்படியொரு உடன்பாடு வரவில்லை. அங்கே நடைமுறைத் தீர்வு ‘ஏர்மான்-என்ஜி செக் கில்’. அது நெட்வொர்க்மேனேஜரையும் டபிள்யூபிஏ சப்ளிகன்டையும் கொன்று மோதலை முடிக்கிறது. வேலை முடிந்ததும் இணையம் வராது. அடாப்டர் போய்விட்டது என்று புதியவர் பதறுவார். டபிள்யூலேன்0மான் என்ற மானிட்டர் இன்டர்ஃபேஸை நிறுத்தி, நெட்வொர்க்மேனேஜரை மீண்டும் தொடங்கினால் போதும். அதே நெட்வொர்க்மேனேஜர் 2016 வாக்கில் ஸ்கேன் செய்யும்போது மேக் முகவரியை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தைத் தொடங்கியது. சில யூஎஸ்பி அடாப்டர்கள் அதைத் தாங்காமல் இணைப்பை இழந்தன. அமைப்புக் கோப்பில் ஒரே வரியால் அதை அணைக்கலாம். டிரைவரின் பலவீனமும் இதில் உண்டு என்பதால், ஆதரவு வாசிப்புக்கும் இக்கட்டுரையின் வாசிப்புக்கும் நடுவே நிற்கும் வழக்கு இது.

கொடி வந்த பிறகும் பேட்சின் வரிசை எண் பகுதியை உடனே நீக்கிவிட முடியாது. கொடி இல்லாமல் பாக்கெட் அனுப்பும் பழைய நிரல்கள் பேட்சின் மௌனமான சலுகையை நம்பியே ஓடுகின்றன. ஊமையாக்கிய இரண்டு ஈபிஸி வரிகளுக்கு அத்தகைய மாற்றுக் கொடியும் கிடையாது. டபிள்யூலேன்0 விழித்திருக்கும்போது மானிட்டர் சானல் மாற்றலாமா என்ற கேள்விக்கு முதன்மைக் கர்னல் இன்னும் இல்லை என்றே சொல்கிறது.